கடலைப் பற்றி ஒரு வரி

வந்தவரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் பத்திரிகை ஆசிரியர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். காலரில் ஒரு சுருக்கம் கிடையாது. கை மடிப்பில் காய்கறி நறுக்கலாம் போலிருந்தது. பெரிய இடம்தான் என்று முடிவு செய்து, டீ கொண்டுவரச் சொன்னார்.

"உக்காருங்க சார். அம்மா, நீங்களும் உக்காருங்க."

கணவனும் மனைவியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். "நான் பேசிக்கறேன், நீ வாயத் திறக்காதே" என்று மாடிப்படியிலேயே அவர் மனைவியிடம் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்.

அது ஒரு பயணப் பத்திரிகையின் அலுவலகம். ஒரு சொகுசுக் கப்பலில் போய் வந்தவர்களுக்காக விமர்சனப் போட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசு, அதே கப்பலில் இரண்டு பேருக்கு ஏழு நாள் பயணம்.

"இருநூத்திப் பன்னெண்டு பேர் எழுதியிருக்காங்க" என்றார் ஆசிரியர். "எல்லாம் சூரிய அஸ்தமனம். 'வார்த்தைகளால் வர்ணிக்க முடியாது'ன்னு ஆரம்பிச்சு நாலு பக்கம் வர்ணிக்கறாங்க. படிச்சு முடிச்சா, போகலாமா வேணாமான்னே தெரியல. உங்களோடது ஒண்ணுதான் படிக்கறவனுக்கு உதவுது. சிரிக்கவும் வைக்குது."

பக்கத்து மேஜையில் இருந்த உதவி ஆசிரியையிடம் தாளை வாங்கி, அவர் ரசித்து வாசித்தார்.

"'மூன்றாம் நாள் ராத்திரி கப்பல் ஆடும். புதுத் துணி போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகாதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு யார் உத்தரவாதம்?'"

வெள்ளைச் சட்டைக்காரர் அடக்கமாகத் தலையசைத்தார்.

"'நீச்சல் குளத்தில் பத்து மணிக்கெல்லாம் துண்டு தீர்ந்துவிடும். அடுத்த கட்டு பதினொன்றே காலுக்கு முன் வராது. அவசரப்பட்டு நனைய வேண்டாம்.' இது எவ்வளவு பெரிய உபகாரம் சார். 'ஐந்தாம் நாள் சாக்லேட் விருந்து. குழந்தைகளுக்குக் கறுப்புச் சட்டை போடுங்கள். பெரியவர்களுக்கும் அதுவே நல்லது. கேப்டன் விருந்தின் பீட்ரூட் சூப்பிலிருந்து எந்த மேஜை விரிப்பும் இதுவரை தப்பியதில்லை.'"

"எத்தனை தடவை போயிருக்கீங்கங்கற இடத்துல 'எண்ணவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க" என்று சிரித்தார் ஆசிரியர். வசதியானவர்கள் இதையெல்லாம் எண்ண மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

"பரிசுல என்ன மாதிரி ரூம் சார் தருவாங்க?" மனைவியால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "ஜன்னல் இருக்குமா?"

"ஜன்னலா? பால்கனியே உண்டும்மா. கதவைத் திறந்தா கடல்தான்."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். பல வருட ஆசை அந்த ஒரு பார்வையில் இருந்தது. அவர் சட்டென்று குனிந்து, ஒழுங்காக இருந்த சட்டைக் கையை இன்னொரு முறை ஒழுங்கு செய்தார்.

அப்போதுதான் உதவி ஆசிரியை தொண்டையைச் செருமினாள். காரியம் கூடிவரும் நேரத்தில் செருமுவதற்கென்றே எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார்.

"சார், ஒரு சந்தேகம். மூணு பக்கத்துல கடலைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. வீட்ல உக்காந்துக்கிட்டு, நாலு பேர் எழுதினதைப் பார்த்து எழுதினா இப்படித்தான் இருக்கும். அந்தக் கப்பல்ல போனவங்களுக்குத்தான் பரிசுன்னு விதி இருக்கு."

ஆசிரியருக்கு அது சுருக்கென்றது. தாள்களைப் புரட்டிப் பார்த்தார். துண்டு இருந்தது, சூப் இருந்தது, தலையணை உறை கூட இருந்தது. கடல் இல்லை.

"அதனால என்ன, இப்பச் சொல்லிட்டாப் போச்சு. ஒரே ஒரு வரி சார், நானே சேர்த்துக்கறேன். நடுக்கடல்ல தண்ணி என்ன நிறம்?"

அவர் டீக் கோப்பையைப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நீலம்னு சொல்லுங்களேங்க" என்று மனைவி கிசுகிசுத்தார். அந்த அறையில் எல்லோருக்கும் அது கேட்டது.

"பார்க்காததை எப்படிச் சொல்றது?" என்றார் அவர் தாழ்ந்த குரலில். பிறகு ஆசிரியரை நேராகப் பார்த்தார். "நான் பார்த்ததில்ல சார்."

"கப்பல்ல போய்ட்டு நடுக்கடலைப் பார்க்கலையா?"

"இல்ல சார்."

உதவி ஆசிரியை இரண்டாம் இடத்தில் இருந்த பல் டாக்டரின் கட்டுரையை எடுத்து ஆசிரியர் முன்னால் வைத்தாள். முதல் வரியிலேயே சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருந்தது.

ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் விதி விதிதானே. வெள்ளைச் சட்டைக்காரரின் தாள்களை ஒன்றாகத் தட்டி, அவரிடமே திருப்பி நீட்டினார்.

"இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சவர், போகாத கப்பலைப் பத்தி எழுதியிருக்க வேணாம் சார்."

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கண் கலங்கியதைக் காட்டாமல் வாசல் பக்கம் திரும்பி நின்றார். கணவர் மட்டும் எழுந்திருக்கவில்லை, தாள்களையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"பயணிங்களுக்கு மட்டும்னு சொல்லிடுவீங்களோன்னுதான் இவளையும் பேசவிடல" என்றார். "ஒம்பது வருஷம் அந்தக் கப்பல்ல துணி துவைச்சேன் சார். லாண்டரிக்கு ஜன்னல் கிடையாது."