கம்பெனியைக் காப்பி செய்தவள்

சூடம் அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் மேனேஜர் துளசிராமன், "நாளையிலேர்ந்து வராதம்மா" என்றதும் தற்காலிகக் கிளார்க் மோனிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய கம்ப்யூட்டர் திரையில் இருந்ததையெல்லாம் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டு, திரையில் ஒன்றுவிடாமல் அழித்துவைத்தாள்.

திரும்பி வந்தவர் அலறினார். "இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? ஒரு புரோகிராமையும் காணோம்!"

"மொத்தக் கம்பெனியும் என் கையில கீது சார். வேலை குடுங்க, இல்லாட்டி இத்த உடைச்சிடுவேன்."

"போலீஸைக் கூப்புடுவேன்!"

"கூப்டுங்க. போலீஸு வந்து பில்லு போடுமா?"

பில் போட வழியில்லாமல் லாரிகள் புதுவாயல் வரை வரிசைகட்டி நின்றன. சாயங்காலம் துளசிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு அவளை நிரந்தரமாக்கினார். மோனிகா பென் டிரைவை அவர் மேசைமேல் வீசினாள்.

அதில் இருந்தவை, புரோகிராம்களைத் திறக்கத் திரையில் அழுத்தும் ஐகான் படங்கள் மட்டுமே. புரோகிராம்கள் அத்தனையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே அலுங்காமல் இருந்தன.