புடலங்காயில் கட்டிய கல்

பால்கனித் தொட்டியில் என் மனைவி பொற்கொடி போட்ட புடலை, சித்திரை பிறந்ததும் காய்க்கத் தொடங்கியது. ஒரு காய் மட்டும் கம்பிக்கு வெளியே தொங்கிற்று. சுருண்டுவிடாமல் இருக்க அதன் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டிவிட்டாள். அது நேரே கீழ்வீட்டை நோக்கி இறங்கியது.

கீழ்வீட்டில் இருப்பது அவள் அக்கா மங்கை. மூன்று கோடைக்கு முன் எங்கள் தொட்டித் தண்ணீர் சொட்டி, அவள் காயப்போட்ட வடாமெல்லாம் நனைந்துபோனது. அன்றோடு பேச்சு நின்றது.

விடிந்ததும் பொற்கொடி பல்கூடத் துலக்காமல் பால்கனிக்கு ஓடுவாள். “அவ ஜன்னலுக்கு இன்னும் நாலு விரக்கடைதாங்க!” என்று குதிப்பாள்.

இன்று காலை அந்தக் கல் மங்கையின் சமையலறை ஜன்னலுக்கு நேரே ஆடியது. உள்ளே காய் நறுக்கும் சத்தம் நின்றது. ஜன்னல் வழியே ஒரு கை வந்து காயைப் பிடித்தது.

“ஐயோ, அறுக்கப் போறா!” பொற்கொடி என் தோளைக் கிள்ளினாள்.

கை நூலை அவிழ்த்துக் கல்லோடு உள்ளே போனது. திரும்பி வந்தபோது அதில் எலுமிச்சை அளவுக்கு வேறொரு கல் இருந்தது. அதை இறுக்கிக் கட்டிவிட்டுக் காயை ஒருமுறை தடவியது.

“ஏண்டி, இத்துனூண்டு கல்லையா கட்டுவாங்க? கோணிக்கிட்டு வருது பாரு!”

பொற்கொடி பக்கத்திலிருந்த குவளையை எடுத்து, ஏற்கெனவே ததும்பிய தொட்டியில் மடமடவென்று ஊற்றினாள். தண்ணீர் வழிந்து கீழே சொட்டியது.

மங்கையின் கை நனைந்தது. உள்ளே போகவில்லை.