காரட் பிடித்த கரடி

ரெஜினா முதன்முதலாக ஒரு முயல் பொம்மை பின்ன உட்கார்ந்தாள். கை பழகட்டும் என்று முதலில் ஒரு காரட் பின்னினாள். அது நன்றாகவே வந்தது. முயல்தான் படுத்தியது. மூன்று தடவை பிரித்துப் பின்னியதில் நூல் நைந்து பஞ்சாகிவிட்டது. நாலாவது தடவை தலையும் உடம்பும் தேறின. ஆனால் எண்ணிக்கை தப்பி, காது இரண்டும் குட்டையாக நின்றன.

அவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

"இது முயலா? மானம் போகுது!" என்று சீறியது கொக்கி ஊசி. "கடைசிக் கண்ணி என் மூக்குலதான் இருக்கு. விட்டேன்னா மொத்தமும் பிரிஞ்சுடும்."

"அண்ணே, இன்னொரு தடவை பிரிச்சா நான் அறுந்தே போயிடுவேன்," என்றது நூல்.

"அதுக்கு? முயல் காதுன்னா இருபது வரி. இதுல எட்டுதான் இருக்கு."

"சரி, கரடிக் காதுக்கு எத்தனை வரி?"

ஊசி முறைத்தது. "எட்டு."

"அப்புறம் என்னண்ணே, பிடிச்சுக்கோங்க!"

ரெஜினா வந்து, மறுபடியும் பிரித்துவிடலாம் என்று ஊசியை உருவப் பார்த்தாள். அது கண்ணியை விடவில்லை. பொம்மையைத் திருப்பிப் பார்த்தவள், "அட, கரடி!" என்று சிரித்து, அங்கேயே முடிச்சுப் போட்டாள். காரட்டை வீணாக்க மனமில்லாமல் அதையும் கரடியின் கையில் தைத்துவிட்டாள்.

"கரடி பிரமாதம்," என்றது கத்தரிக்கோல்.

"பின்னே? ஆரம்பத்துலேருந்தே கரடிதானே என் திட்டம்!" என்றது ஊசி.

"ஆமாண்ணே," என்றது நூல், காரட்டைப் பார்த்துக்கொண்டே.