பெட்டி எதன் குறியீடு?

"கதையில அந்தப் பொண்ணு துணியெல்லாம் அடுக்கி, பெட்டிய கட்டிலுக்கடியில வெச்சிருக்கா. பெட்டி எதோட குறியீடு?" என்றார் தமிழாசிரியர்.

"விடுதலை சார்!"

"மனசோட பாரம் சார்!"

கடைசி பெஞ்சு மாணவி இருப்புக்கொள்ளாமல் எழுந்தாள். "சார், அது நிஜப் பெட்டியாவே இருந்துட்டா? அவ நிஜமாவே கிளம்பிட்டா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். "கதைய அப்படி நேரடியா படிக்கக் கூடாதும்மா."

"எழுதினவங்களையே கேட்டுப் பாருங்களேன் சார்."

"கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

மாலை பஸ்ஸில் இடமிருந்தும் அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே, "கதாசிரியையே!" என்று கூப்பிட்டார். மனைவியிடமிருந்து பதில் இல்லை.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்.

தூசிக்கு நடுவே, ஒரு பெட்டி அளவுக்கு மட்டும் தரை பளிச்சென்று இருந்தது.