கிமோனோ கட்டிய சிலை

"அப்பா, அம்மாவின்ர படத்தைத் தாங்கோ," என்றாள் ஸ்டெபனி.

செத்துப்போன அம்மாவின் படம், அப்பா மறுமணம் செய்து சின்னம்மா வந்த அன்றே அலுமாரிக்குள் போய்விட்டது. அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

"ஏன், மோர்னிங்சைட் தெருவில நீ வாடகைக்கு இருக்கிற ஜப்பான்காரி வீட்டில வைக்கவோ?" அப்பா சூசைதாசன் சீறினார். "நான் கண்டனான். கிமோனோ கட்டின சிலை, ஊதுபத்தி, செத்த புருசனுக்குச் சோறு! உன்ர அம்மா சிலுவையைக் கும்பிட்ட வேதக்காரியடி!"

"ஹனாக்கோ அன்ரியும் வேதக்காரிதான். ஞாயிறு பூசை தவறவிடமாட்டா. ஜப்பான் வேதக்காரர் கனபேர் செத்தவைக்கு அப்பிடித்தான் செய்யிறவை."

"அப்ப அந்தச் சிலை?"

"மாதா. எங்கட மாதா சேலை கட்டலாம், அவையின்ர மாதா கிமோனோ கட்டக்கூடாதோ?"

ஸ்டெபனி அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்தாள்.

"எப்ப திருப்பிக் கொண்டு வருவாய்?"

"இங்க அம்மாவுக்கு இடமில்லை. அங்க அவவுக்கு நேற்றே சோத்துக் கிண்ணம் வாங்கி வைச்சிட்டன்."

சப்பாத்தைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினாள்.