மூட்டை தூக்குறவன் சாப்பாடு

"லப்லாபியா? கொண்டக்கடல வெந்த தண்ணி, அதுல ஒரு முட்ட! மூட்டை தூக்குறவன் குடிக்கிறத நம்ம காலேஜ் பசங்க வரிசையில நின்னு குடிக்கிறானுங்க, த்தூ!" என்றான் நிதால்.

துனிஸ் ஏரிக்கரையின் ஆடம்பர உணவகம் அது. தினமும் லப்லாபி சாப்பிடும் ஹேலா, தன்னைக் காதலிப்பதாகச் சொன்ன நிதாலிடம் அதை எப்படிச் சொல்வதென்று விழித்தாள்.

வெறும் கிண்ணங்களையும் ரொட்டியையும் வைத்துவிட்டுப் போன பணியாள், சூப்போடு திரும்பி வந்து திகைத்து நின்றான்.

திட்டிக்கொண்டே நிதால் ரொட்டி முழுவதையும் பொடிப்பொடியாகப் பிய்த்துக் கிண்ணத்தை நிரப்பியிருந்தான். லப்லாபிக் கடைக்கு அன்றாடம் வருகிறவர்கள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, கடலைச் சாறு ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டுவார்களே, அப்படியே நீட்டினான்.

ஹேலா கேட்டாள்: "முட்டையும் ஒடச்சு ஊத்தச் சொல்லவா, தொரை?"