வட்ட நாற்பக்கல் பாடம்

“சேர், அந்த வட்ட நாற்பக்கல் பாடத்த ஏன் மாத்தினீங்க?”

கணக்கு ஆசிரியர் இராசதுரை சேரின் வீட்டுக் கேற்றைப் பிடித்தபடி நின்ற பெண், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்ட முதல் கேள்வி அது. பனிச்சங்கேணியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறிக் களுதாவளை வரைக்கும் வந்த களைப்பு அவள் முகத்தில் அப்பிக் கிடந்தது. கையில் கண்ணாடி வெடித்த போன் ஒன்று.

சேருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னுடைய ஒரே மாணவனைப் பெற்றவள் இவளாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் படிப்பிக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. தமிழில் ஒன்றும் உருப்படியாக இல்லையே என்று மனம் பொறுக்காமல், கைக்காசு போட்டு ஒரு வலைத்தளம் தொடங்கியவர் அவர். பயிற்சித் தாள்கள், வரைபுகள், பனிச்சங்கேணிப் பக்கம் படிப்பித்த காலத்தில் வகுப்பிலேயே பிடித்த வீடியோப் பாடங்கள், எல்லாம் இலவசம்.

ஆசிரியர்மாரைக் கூட்டிக் கருத்தரங்கும் வைத்தார். வந்தவர்கள் முகவரியைக் குறித்துக்கொண்டார்கள், ரோல்ஸைத் தின்றார்கள், போய்விட்டார்கள். தளத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நன்றிகெட்ட உலகம் என்று வெறுத்துப்போய், தளத்தை இழுத்து மூட இருந்த வேளையில்தான் ஒன்றைக் கவனித்தார். வட்ட நாற்பக்கல் பாடத்தை மட்டும் யாரோ ஓர் ஆள் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலும் நடுவில் ஓரிடத்தை மட்டும் திரும்பத் திரும்ப.

பிறகென்ன, அந்த ஓர் ஆளுக்காகவே தளம் பிழைத்தது. காலையில் எழும்பியதும் தேத்தண்ணி குடிக்க முதல் அவன் வந்தானா என்று பார்ப்பது சேருக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த இடத்தில் அப்படி என்ன சிக்கல் என்று ஒருநாள் போட்டுப் பார்த்தார். தேற்றத்தை நிறுவிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பொடியன், “சேர், எனக்கு விளங்கல்ல, இன்னொருக்காச் சொல்லுங்க” என்று கத்துகிறான். “உனக்கு விளங்கி என்னத்தக் கிழிக்கப் போறாய், இரி” என்று சேர் பாய்கிறார். வகுப்பே சிரிக்கிறது.

பாவம், இந்த இரைச்சலில் பாடம் பிடிபடாமல்தான் பிள்ளை மாய்ந்து மாய்ந்து பார்க்கிறது என்று முடிவுகட்டினார். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, நிறுவலை ஆறுதலாக மறுபடி சொல்லிப் புதிய வீடியோவை ஏற்றினார்.

அதோடு அந்த ஓர் ஆளும் வருவதை நிறுத்திவிட்டது.

“உள்ளுக்கு வாங்க தங்கச்சி, இரிங்க” என்றார் சேர். “மகன் இந்த முற ஓ.எல் சோதின எடுக்காரா?”

“இல்ல சேர்.” அவள் உட்காரவில்லை. “பனிச்சங்கேணியில இரிந்து வாறன். முதல் இரிந்தத திரும்பப் போடுங்க. அதக் கேக்கத்தான் வந்தன்.”

“புதுசு அதவிடத் தெளிவு. வடிவாப் பாத்தீங்களா?”

“பாத்தன் சேர். பழசுதான் வேணும்.”

சேருக்குச் சுருக்கென்றது. பனிச்சங்கேணியிலிருந்து இடமாற்றம் வாங்கி வந்த பிறகு அந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. அந்த ஊர்ப் பிள்ளைக்கென்று இரண்டு கிழமை கண்விழித்துச் செய்ததற்கு இதுவா கைம்மாறு?

“பழசு இப்ப ஒரு இடத்திலயும் இல்ல. எண்ட கொம்பியூட்டர்லயும் சேத்து அழிச்சிட்டன்” என்றார் வெடுக்கென்று. “குரங்கு ஒண்டு நடுவில நிண்டு கத்துது. அத வெச்சி என்ன செய்யப் போறீங்க?”

அவள் போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

“அந்தக் குரங்கு எண்ட மகன் சேர். போன மாரியில தோணி பிரண்டு, அவனும் அவன்ட போனும் வாவிக்குள்ள தாண்டு போயிற்று. அவன்ட குரல் உங்கட பாடத்தில மட்டும்தான் இரிந்தது.”